பேரிக்காய்த் தசை

பெண் பார்க்கப் போகிற மாப்பிள்ளைக்கு ஒரே வேலைதான்: பேசாமல் உட்கார்ந்திருப்பது. எனக்கு அதுகூட வரவில்லை.

அப்போது ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தோலின் தரம் பார்க்கும் வேலை. பார்க்கிற தோலில் எல்லாம் மாதிரிக்கு ஒரு துண்டு வெட்டி, வலது பின் பாக்கெட்டில் செருகிக்கொள்வேன். பைக், பஸ், கேன்டீன், எங்கேயும் அதன் மேல்தான் ஆசனம். ("பாதி மாடு உன் பாக்கெட்லதான்டா மேயுது" என்பாள் அக்கா.) புட்டத்தில் தொடங்கிய வலி குதிகால்வரை சுரீரென்று இறங்கியபோது, வாயுதான் என்று முடிவுகட்டிப் பூண்டாய்த் தின்றேன்.

ஷிப்ட் முடிந்த கையோடு அம்மா, அக்காவுடன் திருப்பத்தூருக்குக் காரேறினேன். பெண் மலர்விழி, பிசியோதெரபிஸ்ட். போட்டோவிலேயே பிடித்துவிட்டது. நேரில், அம்மா சொன்ன ஏதோ ஒன்றுக்கு வாய்விட்டுச் சிரித்தாள் பாருங்கள், இவள்தான் என்று அங்கேயே மனசு சொல்லிவிட்டது.

கேசரித் தட்டை நீட்டினாள். மரியாதைக்கு எழுந்தேன். மரத்துப்போன வலது கால் எழவில்லை. தட்டோடு போய் அவள் அப்பாவின் காலில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தேன்.

"நல்லா இருப்பா" என்று பழக்கதோஷத்தில் ஆசீர்வாதம் செய்தார் அவர்.

மலர்விழி பக்கத்தில் மண்டியிட்டாள். "பின் பாக்கெட்ல இன்னாங்க அது?"

எடுத்துப் போட்டேன். ஹால் முழுக்கக் கறுப்பும் பழுப்புமாகத் தோல்.

"இடுப்புக்குள்ள ஆழத்துல பேரிக்கா மாதிரி ஒரு தசை இருக்கு. அதுக்கு அடியிலதான் காலுக்குப் போற பெரிய நரம்பு வருது. இதும்மேல உக்காந்து உக்காந்து ரெண்டையும் நசுக்கி வெச்சிருக்கீங்க. மல்லாந்து படுங்க."

படுத்தேன். வலது காலை இடது முழங்கால்மேல் போட்டு, நெஞ்சுப் பக்கம் இழுக்கச் சொன்னாள். சட்டையெல்லாம் கேசரி, சுற்றிலும் இரண்டு வீட்டுப் பெரியவர்கள். வெட்கமே இல்லாமல் இழுத்தேன். அவள் "இன்னும் கொஞ்சம்" என்று சொல்லிக்கொண்டே இருக்கக் கூடாதா என்றிருந்தது.

"மொதல்ல கால் சரியாவட்டும், அப்புறம் பேசலாம்" என்றார் அவள் அப்பா.

"சரியாய்டும்ப்பா" என்றாள் அவள்.

அந்த ஒரு சொல்லுக்காகத் தினமும் இழுத்தேன். பின் பாக்கெட்டைத் தைத்தே மூடினேன். நான் நொண்டாமல் நடந்த பிறகு அம்மா அவள் வீட்டுக்குப் போன் செய்தார். அதற்குள் அவளுக்குக் காவேரிப்பாக்கத்தில் நிச்சயமாகியிருந்தது. இப்போது அந்த ஊரிலேயே கிளினிக் வைத்திருக்கிறாளாம். எனக்கு அப்புறம் வந்த போட்டோ எதையும் நான் சரியாகப் பார்க்கவில்லை.

வீட்டில் நாலு பேர் கூடினால் அக்கா ஆரம்பித்துவிடுவாள்: "மறுபடி வலி வந்தா சொல்லுடா, காவேரிப்பாக்கத்துக்குக் கார் பேசறேன்."

எல்லோரும் சிரிப்பார்கள், நானும்தான். ஆனால் வலிதான் வரமாட்டேன் என்கிறது. அவ்வளவு நன்றாகக் குணப்படுத்திவிட்டாள்.