குந்து அண்ணன் உட்கார்ந்த பெட்டி

உலகத்தில் எல்லாரும்தான் உட்காருகிறார்கள். மந்திரி உட்காருகிறார், பேங்க் மேனேஜர் உட்காருகிறார், வேலை இல்லாதவன் எல்லாரையும்விட நன்றாக உட்காருகிறான். ஆனால் உட்கார்ந்தே ஊருக்கு உபகாரம் செய்கிற மனிதர் கிள்ளான் பள்ளத்தாக்கு முழுக்கத் தேடினாலும் ஒருவர்தான். பிரிக்பீல்ட்ஸ் குந்து அண்ணன்.

நிஜப் பெயர் என்ன என்று அவர் கடைப் பலகையில்கூட இல்லை. வெளிநாட்டுக்குப் பார்சல் கட்டி அனுப்புகிற கடை. ஒரு பக்கம் பூக்கடை, மறு பக்கம் சீனர் ஒருவரின் சாவிக்கடை. நடுவில் நூற்றுப் பத்து கிலோவில் இவர். பெட்டியைக் கட்டி முடித்ததும் கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசையில் வைப்பார். "முருகா" என்பார். பிறகு பெட்டியின் மேல் குந்தி மூன்று தடவை எம்பி எம்பி விழுவார்.

"மொத குதி நம்ம ஏர்போட்டுக்கு. ரெண்டாவது அவன் ஏர்போட்டுக்கு. மூணாவது, அவசரமா போற டெலிவரிக்காரனுக்கு. ஒடையறதா இருந்தா என் கண்ணு முன்னால ஒடையட்டும்" என்பார்.

செந்தூலில் இருந்து வந்த ஓர் அம்மாளின் அச்சு முறுக்கு இப்படித்தான் முதல் குதியிலேயே மாவாகிப் போனது. அந்த அம்மாள் கடையிலேயே உட்கார்ந்து ஒப்பாரி வைக்காத குறை. இவர் அசரவில்லை. "மறுபடி சுட்டு எடுத்துட்டு வாங்கக்கா. கூட ரெண்டு கிலோ அரிசிப் பொரி வாங்கிட்டு வாங்க" என்றார். பொரிக்குள் முறுக்கைப் புதைத்துக் கட்டி, மூன்று தடவை குதித்துக் காட்டினார். ஒன்றுகூட உடையவில்லை. கனடாவில் இருந்த மகன், 'பொரி ரொம்ப நல்லாருந்துச்சு, அதுக்குள்ள ஏதோ முறுக்கும் இருந்துச்சு' என்று செய்தி அனுப்பினானாம்.

ரவாங்கில் இருந்து ஒருத்தர் கண்ணாடி போட்ட சாமி படத்தைக் கொண்டுவந்தபோதுதான் குந்து அண்ணன் திக்குமுக்காடினார். சாமி மேல் எப்படிக் குந்துவது? சாவிக்கடைச் சீனரைக் கூப்பிட்டார். அவரும் தமிழ் பேசுவார். "நான் குந்தினா மட்டும் ஒங்க சாமி கோவிக்காதா, லா?" என்று அவர் ஓடிவிட்டார். கடைசியில் இரண்டு அரிசி மூட்டைகளைப் படத்தின் மேல் ஏற்றிவிட்டு, பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். இன்று பதினோரு லோரிக்கு முதலாளி. கிள்ளான் துறைமுகத்தில் நான் ஏற்றாத சாமான் கிடையாது. பியானோ ஏற்றியிருக்கிறேன், ஒரு தடவை உயிரோடு முந்நூறு வாத்து ஏற்றியிருக்கிறேன். அப்படிப்பட்ட எனக்கே ஒரு பெட்டி தண்ணி காட்டிவிட்டது.

என் ஒரே மகள் கவிதாவுக்குத் தலைத் தீபாவளி. பெண்ணும் மாப்பிள்ளையும் லண்டனில். மாப்பிள்ளைக்கு லீவு கிடைக்கவில்லை. சரி, பிள்ளைகள் வராவிட்டால் தீபாவளியை அனுப்புவோம் என்று பட்டுப்புடவை, பட்டு வேட்டி, முறுக்கு எல்லாம் எடுத்து வைத்தோம். என் மனைவி லெட்சுமி ஒரு பாட்டில் நல்லெண்ணெயையும் கொண்டுவந்து வைத்தாள். அம்மா வீட்டு எண்ணெய் தலையில் படாமல் என்ன தலைத் தீபாவளி? அவள் சொன்னது நியாயம்தான். பாட்டிலை வேட்டிக்குள் சுருட்டி, நானே பெட்டியைக் கட்டி, தீபாவளிக்குப் பத்து நாள் இருக்கும்போது இருவரும் பிரிக்பீல்ட்ஸ் போனோம்.

"உள்ள எண்ணெய் கிண்ணெய் இருக்கா பாஸ்? எண்ணெய் ஏத்த மாட்டாங்க" என்று கேட்டார் குந்து அண்ணன்.

"யோவ் தம்பி, நான் பதினோரு லோரி வச்சிருக்கேன். எனக்குச் சாமான் கட்டத் தெரியாதா?"

"லோரிய கேக்கல பாஸ். எண்ணெய கேட்டேன்."

"இல்லய்யா!"

கடிகாரத்தைக் கழற்றினார். முருகா என்றார். முதல் குதிக்கு ஒன்றும் ஆகவில்லை. நான் லெட்சுமியைப் பெருமையாகப் பார்த்தேன். இரண்டாவது குதியில் 'டப்' என்று ஒரு சத்தம். மூன்றாவது குதிக்கு அவர் எம்பவே இல்லை. முகம் மெல்ல மாறியது. அன்றைக்குப் பார்த்து மனிதர் சந்தனக் கலர் கால்சட்டை போட்டிருந்தார்.

"பாஸ், கீழ என்னமோ பிசுபிசுன்னு இருக்கு."

நான் கூரையைப் பார்த்தேன்.

"பாஸ், எனக்குத் தீபாவளி வந்திருச்சு போலருக்கு."

எழுந்து திரும்பி நின்றார். பூக்கடைக்காரம்மா முழம் போட்டுக்கொண்டிருந்த பூவைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். சாவிக்கடைச் சீனர் பழைய பேப்பரை எடுத்துவந்து அவர் பின்புறத்தில் ஒட்டிவிட்டார். பெட்டியைப் பிரித்தால், பட்டு வேட்டி எண்ணெயில் நீந்தியது. புடவை முந்தானையும் போச்சு. நான் அவமானத்தில் குரலை உயர்த்தினேன். "ஒங்கள யாருய்யா குந்தச் சொன்னது?"

அவர் கோபிக்கவே இல்லை. "நான் குந்தலன்னா இது பிளேன்ல ஒடஞ்சிருக்கும் பாஸ். அப்ப ஒங்க மக லண்டன்ல அழும். இப்ப நீங்கதான அழறீங்க, பரவால்ல" என்றார்.

பிறகு லெட்சுமியிடம் திரும்பினார். "எண்ணெய் அங்கயே விக்குதேக்கா. தமிழ்க் கடை எவ்வளவோ இருக்கு."

"எண்ணெய் விக்கும் தம்பி. அம்மா கை விக்குமா?" என்றாள் லெட்சுமி. அவள் கண் கலங்கிவிட்டது.

குந்து அண்ணன் மேசையில் கிடந்த கடிகாரத்தை எடுத்துக் கட்டினார். பேப்பர் ஒட்டிய கால்சட்டையோடு யோசித்தார். "கைய அனுப்ப முடியாதுக்கா. கை பட்ட சாமான் ஏதாச்சும் இருக்கா?"

இருந்தது. ஒவ்வொரு தீபாவளிக்கும் லெட்சுமி எண்ணெய் காய்ச்சுகிற பித்தளைக் கிண்ணம். அடி கறுத்து, விளிம்பு நெளிந்து கிடக்கும். மகள் பிறந்ததிலிருந்து அதில்தான் எண்ணெய். இரண்டே நாளில் புது வேட்டி, புதுப் புடவை, அந்தக் கிண்ணம், கூடவே பொரி, எல்லாவற்றோடும் மறுபடி போய் நின்றோம். இந்தத் தடவை அவரே கட்டினார். டேப்பைச் சுற்று சுற்று என்று சுற்றினார். பிறகு குந்தினார். முதல் குதியிலேயே "ஆத்தாடி!" என்று அலறி எழுந்தார். கிண்ணத்து விளிம்பு நிமிர்ந்து நின்றிருக்கிறது.

"பெட்டிக்கு ஒண்ணும் ஆகல பாஸ். எனக்குத்தான் ஆயிருச்சு" என்று நொண்டியபடியே பிரித்து, கிண்ணத்தைக் கவிழ்த்து, இன்னும் அரைக் கிலோ பொரி போட்டு, மறுபடி கட்டி, பல்லைக் கடித்துக்கொண்டு மூன்று குதியையும் முடித்தார்.

தீபாவளி வந்தது. பெட்டி போய்ச் சேரவில்லை. லண்டனுக்குள் வந்துவிட்டது என்று இரண்டு நாளாகப் போனில் ஒரே செய்திதான். லெட்சுமி அடுப்படியில் வெங்காயமே இல்லாத பாயசத்தைக் கிண்டிக்கொண்டு, வெங்காயம் கண்ணைக் கரிக்குது என்றாள்.

மத்தியானம் வீடு நிறைய விருந்தாளிகள். வாசலில் வந்து நிற்கிறார் குந்து அண்ணன், கையில் போனோடு. நாங்கள் கூப்பிடவே இல்லை. பெட்டிக்கு எழுதிக் கொடுத்த எங்கள் விலாசத்தைப் பார்த்து வந்திருக்கிறார்.

"வாங்க தம்பி, இலை போட்டாச்சு, உக்காருங்க" என்றாள் லெட்சுமி.

"பெட்டி சேராம நான் உக்கார மாட்டேன்கா."

இரண்டு மணி நேரம் அந்த உடம்பு நின்றது. எங்கள் வீட்டு நாற்காலிகளே ஆச்சரியப்பட்டிருக்கும். சாயங்காலம் கவிதா வீடியோவில் வந்தாள். "இங்க விடிஞ்சு போச்சும்மா. எண்ணெய் வாங்கி வச்சிருக்கேன். கிண்ணம் இன்னும் வரல. நான் குளிக்காம இருக்கேன்" என்றாள். லெட்சுமி முந்தானையால் போனைத் துடைத்தாள். அந்த நேரம் பார்த்து அங்கே காலிங் பெல் அடித்தது.

பெட்டி வந்துவிட்டது. ஆனால் திறக்க முடியவில்லை! மாப்பிள்ளை கத்தியோடு அரை மணி நேரம் மல்லுக்கட்டினார்.

"ஏம்பா, உள்ள யாரையாச்சும் கட்டிப் போட்டிருக்கீங்களா?" என்றாள் கவிதா.

கடைசியில் பொரி தரையெல்லாம் கொட்ட, கிண்ணம் வெளியே வந்தது. மகள் எண்ணெயை ஊற்றினாள். லெட்சுமி போனைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டு பேரு உச்சியிலயும் மூணு தடவ வைம்மா, அழுத்தி வை" என்று இங்கிருந்தே சொல்ல, மாப்பிள்ளை தலையைக் கேமராவில் காட்டி, "அத்தை, இது போதுமா?" என்றார். நான் முந்நூறு வாத்து ஏற்றிய மனிதன். அன்றைக்கு நானும் வெங்காயம் கண்ணைக் கரிக்குது என்றேன்.

குந்து அண்ணன் எட்டிப் பார்த்துவிட்டு, வேறு பக்கம் திரும்பி மூக்கைச் சிந்தினார். பிறகு இலை முன்னால் அமர்ந்து, ஆறின சோற்றை மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டார்.

அதிலிருந்து வருஷா வருஷம் தீபாவளிக்கு அவருக்கு ஓர் இலை எங்கள் வீட்டில் உண்டு. ஒரு நாளும் நேரத்துக்கு வந்ததில்லை. யார் யாரோ அனுப்பிய பெட்டி எல்லாம் சேர்ந்துவிட்டதா என்று பார்த்துவிட்டு, சாயங்காலம்தான் வருவார். அதுவரை நானும் சாப்பிடுவதில்லை. லெட்சுமியிடம் பசியில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன்.