மங்குஸ்தானுக்கு ஒரு சட்டை

பழம் கையோடு வந்துவிட்டது.

டெய்லர் உள்ளங்கையையே வெறித்துப் பார்த்தார். பறிக்கவில்லை, சத்தியமாகப் பறிக்கவில்லை. காம்போரம் பச்சையாக ஒரு பிசிறு நீட்டிக்கொண்டிருந்தது. ஏதாவது கொடியின் நாராக இருக்கும். பிசிறைக் கண்டால் அவர் கை சும்மா இருக்காது. பஸ்ஸில் முன் சீட்டுக்காரர் காலரில் தொங்கியதைப் பிடுங்கி, நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டவர். இதையும் லேசாகத்தான் இழுத்தார்.

மனைவியின் அண்ணனுக்கு அது சாதாரணப் பழமில்லை. தோட்டம் முழுக்க ரம்புத்தான் காய்த்துத் தொங்கினாலும், பல வருஷமாக அவரை ஏமாற்றிவந்த மங்குஸ்தான் மரம் இந்த வருஷம்தான் மனமிரங்கியிருந்தது. அதுவும் ஒரே ஒரு பழம்.

"ரம்புத்தான் எவ்வளவு வேணும்னாலும் பறிங்க. அதை மட்டும் யாரும் தொடாதீங்க. சாப்பிட்டதும் என் தங்கச்சி கையாலதான் பறிக்கணும்" என்று இவர்கள் வந்ததுமே சொல்லிவிட்டார் மச்சான்.

"பக்கத்துலயே போகாதீங்க, ஒரே எறும்பு" என்றார் அவர் மனைவி.

மச்சான் இவர்களோடு பேசியே இரண்டு வருஷம் ஆகியிருந்தது. காரணம், டெய்லர் தைத்துக்கொடுத்த பேன்ட். ஆபீஸ் விழா மேடையில் மாலைக்குக் குனிந்தவரை அது பின்பக்கமாகக் கைவிட்டுவிட்டது. இன்றுதான் மனசு மாறிக் குடும்பத்தோடு கூப்பிட்டிருந்தார்.

"இன்னிக்கும் எதையாவது பண்ணி வச்சீங்கன்னா, எனக்கு அண்ணன்னு ஒருத்தர் இல்லாமயே போயிடுவார். கையைக் கட்டிக்கிட்டு உக்காருங்க" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வந்தாள் மனைவி.

டெய்லர் சுற்றுமுற்றும் பார்த்தார். மற்றவர்கள் தோட்டத்தின் அந்தக் கோடியில் இருந்தார்கள். சட்டைப்பையில் வெள்ளை நூல்கண்டு இருந்தது, எப்போதும் இருக்கும். பழத்தைக் காம்போடு சேர்த்துவைத்து, சுற்றி, இறுக்கி முடிச்சுப் போட்டார். அந்த பேன்ட்டுக்கு இதில் பாதி அக்கறை காட்டியிருந்தால் போதும், இரண்டு வருஷம் மிச்சமாகியிருக்கும்.

தள்ளி நின்று பார்த்தார். மச்சான் தடவித் தடவிக் காட்டிய பளபளப்பான பக்கம் உள்ளே திரும்பியிருந்தது. மெதுவாகத் திருப்பினார். திரும்பியது பழமில்லை, கிளை. 'சடக்'.

"போச்சு" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

ஒடிந்த இடத்தில் ஒரு குச்சியை வைத்து, பையிலிருந்த அளவு டேப்பால் சுற்றிக் கட்டினார். கிளை நின்றது. ஆனால் மஞ்சள் டேப் அரை மைல் தூரத்துக்குத் தெரிந்தது. வேறு வழியில்லாமல் சட்டையைக் கழற்றி அதன்மேல் போர்த்தினார்.

சரியாக அப்போதுதான் மனைவி வந்தாள்.

"சட்டை எங்க?"

"பழத்துக்கு வெயில் படுது."

"உங்களுக்குப் புத்தி கித்தி பிசகிடுச்சா? எங்க அண்ணன் வர்ற நேரத்துல பனியனோட நிக்கறீங்க!"

அண்ணனே வந்துவிட்டார், கூடையும் கையுமாக. பின்னால் அவர் மனைவி.

"என்ன மாப்பிள்ளை இது?"

"பழத்துக்கு வெயில் படுதாம்ணே" என்றாள் தங்கை, பல்லைக் கடித்துக்கொண்டு.

சட்டை போர்த்தியிருந்த மரத்தையும் பனியன்காரரையும் மச்சான் மாறி மாறிப் பார்த்தார். டெய்லரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் இதுக்குக் குடை பிடிச்சப்போ வீட்டுல எல்லாரும் சிரிச்சாங்க மாப்பிள்ளை. உங்களுக்காவது புரிஞ்சுதே! சரி, சட்டையை எடுங்க. தங்கச்சி பறிக்கட்டும்."

"வேணாம்!" என்று கத்தினார் டெய்லர்.

"வேணாங்க!" என்று அதே வேகத்தில் கத்தினார் மச்சானின் மனைவி.

மச்சான் திகைத்துப்போனார். "ஏன்?"

"இன்னும் கறுக்கணும்" என்றார் அவர் மனைவி.

"ஆமா, அக்கா சொல்றதுதான் சரி. நல்லா கறுக்கணும்." அந்த அக்காவைக் கையெடுத்துக் கும்பிடலாம் போலிருந்தது டெய்லருக்கு.

"அப்போ அடுத்த ஞாயிறு எல்லாரும் வாங்க. சட்டை அப்படியே இருக்கட்டும்" என்றார் மச்சான். பிறகு தோளில் கைபோட்டார். "பழசெல்லாம் மறந்துடுவோம் மாப்பிள்ளை. எனக்குப் புதுசா ஒரு பேன்ட் தைக்கணும். இப்பவே அளவெடுத்துக்குங்க. டேப் இருக்குல்ல?"

"டேப்... கொண்டுவரலை மச்சான்."

"காலையில பாக்கெட்ல திணிச்சதை நான் பார்த்தேனே!" என்றாள் மனைவி.

"எங்கயாவது விழுந்திருக்கும்."

"தொழில் சாமானைத் தொலைச்சுட்டு, சட்டையை மரத்துக்கு மாட்டிட்டு... உங்களைக் கட்டிக்கிட்டு நான் படற பாடு இருக்கே!"

சாயங்காலம், பனியனோடு வாசல் கேட்டருகே நின்றார் டெய்லர். பிள்ளைகள் ரம்புத்தான் பைகளோடு ஆட்டோவில் ஏறிக்கொண்டிருந்தார்கள். ஒரு வாரத்தில் கிளை வாடிவிடும். அதன்பிறகு மச்சான் இந்த ஜென்மத்தில் முகம் பார்க்கமாட்டார், மனைவி மன்னிக்கமாட்டாள். அக்காவிடமாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று நினைத்தபோது, அவரே இன்னொரு பையோடு வந்தார்.

"அக்கா, அந்தப் பழம் விஷயமா..."

அக்கா திரும்பிப் பார்த்து, கணவர் தூரத்தில் இருப்பதை உறுதி செய்துகொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, அடுத்த வாரம் வரும்போது கொஞ்சம் பச்சை நூல் கொண்டு வாங்க. போன வாரம் நான் அதைக் காம்போட சேர்த்துக் கட்டினதுலயே வீட்டுல இருந்தது தீர்ந்துபோச்சு."