கொழும்புத்துறையில் எல்லாரும் சித்தியடைந்த பரீட்சை

உடுவில்,
ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்த பிறகு.

என் அன்புக்கும் மதிப்புக்கும் உரிய பிறேம் சித்தப்பாவுக்கு,

கடவுளின் கிருபையால் நாங்கள் எல்லோரும் சுகம். அப்பாவுக்கு முழங்கால் நோ இருக்கிறது, அதுவும் ஆலயத்தில் செபம் நீளும்போது மட்டும்தான். நீங்களும் சித்தியும் ரொறன்ரோக் குளிரில் சுகமாக இருக்க வேண்டும் என்று மன்றாடுகிறோம். வட்சப்பில் அனுப்பினால் நீங்கள் கட்டைவிரல் படம் ஒன்றைப் போட்டுவிட்டு வேலைக்குப் போய்விடுவீர்கள் என்று அம்மா சொன்னதால், இதைக் கடிதமாகவே எழுதுகிறேன்.

போனமுறை கதைத்தபோது, "ஷெரோன் ஒரு வருசமா என்னதான் செய்யிறாள்? இங்கிலீசிலை இருக்கிற கேள்வியளைத் தமிழிலை மாத்தினால் முடிஞ்சுதுதானே?" என்று கேட்டீர்கள். அப்பா போனை அம்மாவிடம் கொடுத்தார். அம்மா என்னிடம் தந்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்க, உங்கள் சாப்பாட்டு இடைவேளை முடிந்துவிட்டது. அந்தக் கேள்விக்கு இப்போது நான் மிகவும் பெருமையோடு பதில் எழுதுகிறேன், ஏனென்றால் ஷெரோன் அக்காவின் ஆராய்ச்சியை அவருடைய மேற்பார்வையாளர் ஏற்றுக்கொண்டுவிட்டார், ஒரு கடைசிச் சுற்று மட்டும்தான் மிச்சம், அதில் எனக்கும் ஒரு சிறு பங்கு இருக்கிறது.

அக்கா எடுத்தது ஓர் ஆளுமை வினாக்கொத்து. ஒருவர் கோபக்காரரா, பொறுமைசாலியா, கூட்டத்தை விரும்புகிறவரா என்று கண்டுபிடிக்கிற நாற்பது வசனங்கள், ஒவ்வொன்றுக்கும் 'சற்றும் பொருந்தாது' முதல் 'முற்றிலும் பொருந்தும்' வரை ஐந்து கட்டங்கள். வெளிநாட்டில் அது சரியாக அளக்கிறது. தமிழில் மாற்றிய பிறகு எங்கள் ஊரிலும் சரியாக அளக்கிறதா என்று நிரூபித்தால்தான் அதைப் பயன்படுத்தலாம். அதற்கு ஒரு வழி, ஒரே ஆட்களிடம் சில கிழமை விட்டு இரண்டு தரம் கேட்பது. மனிதருடைய குணம் ஒரு மாதத்தில் மாறாது, ஆகவே இரண்டு தரமும் விடைகள் ஓரளவு ஒத்துவர வேண்டும். ஒத்துவராவிட்டால் வினாக்கொத்து பிழை, அக்கா இன்னொரு வருடம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அக்கா அந்த மாதங்களில் மெலிந்துபோனதை நீங்கள் வீடியோவில் கண்டிருப்பீர்கள், சித்தி மட்டும், அவள் மெலிந்து வடிவாய் இருக்கிறாள் என்று சொன்னார்.

மொழிபெயர்ப்பிலேயே சோதனை தொடங்கிவிட்டது. அப்பா உதவி செய்கிறேன் என்று வந்து, எல்லா வசனத்தையும் வேதாகமத் தமிழில் எழுதிவிட்டார். 'எனக்கு எளிதில் கோபம் வராது' என்பது 'நான் நீடிய சாந்தமுள்ளவன்' என்று ஆனது. கேள்வி கேட்க அக்கா தெரிந்தெடுத்த கரையோர ஊர் கொழும்புத்துறை, அங்கே நாங்கள் முதலில் போன வீடு தியாகலிங்கம் ஐயாவின் வீடு. அவர் கடலில் வலை போடுகிறவர், சனசமூக நிலையத்தின் தலைவர். அவருடைய மனைவி பத்மாசினி அன்ரி வினாக்கொத்தை வாசித்துவிட்டு, நாங்கள் சைவ ஆக்கள் பிள்ளை, எங்களுக்கு ஏன் வேதப் பரீட்சை என்று கேட்டார். அன்றே திரும்பி வந்து, அப்பா மனம் நோகாதபடி அவர் நித்திரைக்குப் போன பிறகு எல்லாவற்றையும் மாற்றி எழுதினோம். 'விருந்துகளில்' என்ற இடத்தில் 'கலியாணவீட்டில்' என்று போட்டது என்னுடைய யோசனை.

முதலாம் சுற்று நன்றாகப் போனது. வீடு வீடாகப் போனோம், எல்லா வீட்டிலும் தேத்தண்ணி குடித்தோம், ஆட்கள் கிழிந்த வலை பொத்திக்கொண்டும் மீன் வெட்டிக்கொண்டும் மனதில் பட்டதைச் சொன்னார்கள். தியாகலிங்கம் ஐயாவும் 'எனக்கு எளிதில் கோபம் வராது' என்ற இடத்தில், வரும்தானே, வராட்டி அது என்ன மனுசன் என்று சொல்லி, 'சற்றும் பொருந்தாது' கட்டத்தில் புள்ளடி போட்டார். ஆனால் புறப்படும்போது வாசலில் நின்று ஒன்று கேட்டார், அதை நாங்கள் அப்போது கவனித்திருக்க வேண்டும்.

"பிள்ளை, இதுக்கு எத்தினை மாக்ஸ்?"

மாக்ஸ் இல்லை ஐயா, இதில் சரியும் இல்லை, பிழையும் இல்லை என்று அக்கா சொன்னார். ஐயா தலையை ஆட்டினார். "ஓம் ஓம், நீங்கள் சொல்லக்கூடாதுதானே. றிசல்ற் வரேக்கை பாப்பம்."

சித்தப்பா, நீங்கள் இங்கே படித்தவர், உங்களுக்குத் தெரியும். ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையிலிருந்து நாங்கள் அச்சடித்த தாளில் கேள்வியைக் கண்டால் வேறு என்ன நினைப்போம்? நாங்கள் இல்லாத அந்தச் சில கிழமைகளில் ஊருக்குள் ஒரு கதை பரவிவிட்டது. இது பல்கலைக்கழகப் பரீட்சை, பக்கத்து ஊர் பாசையூரிலும் வைக்கப் போகிறார்கள், எந்த ஊர் ஆட்கள் திறம் என்று பார்க்கத்தான் இந்த வேலை. ஒரு வீட்டில் அக்கா மறந்து விட்டுவந்த பிரதி ஒன்று இருந்தது. அதை எடுத்துக்கொண்டு போய் ரியூசன் மாஸ்ரர் கஜீவன் சேரிடம் கொடுத்திருக்கிறார்கள். அவர் கணிதம் படிப்பிக்கிறவர், பழைய பரீட்சைத் தாள்களை எடுத்துப் பாஸ்ற் பேப்பர் செய்து காட்டுவதில் பெயர் எடுத்தவர். பின்னேரங்களில் சனசமூக நிலையத்தில் வகுப்பு வைத்து, நாற்பது கேள்விக்கும் விடை செய்து, விளக்கமும் கொடுத்துவிட்டார்.

இது ஒன்றும் தெரியாமல் நாங்கள் இரண்டாம் சுற்றுக்குப் போய் இறங்கினோம். வீடு வீடாகப் போக வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் குளித்து, நல்ல உடுப்புப் போட்டு வெளிக்கிட்டு, சனசமூக நிலையத்தில் இருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்து எழுத முடியாதபடி கதிரைகளைத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தார்கள். ஆளுக்கு இரண்டு பேனை. ஒரு வயதான அம்மா நெற்றியில் புதுத் திருநீறு பூசி, கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டுத்தான் தாளைத் திறந்தார். அக்கா சந்தோசப்பட்டார், எவ்வளவு ஒத்துழைப்பு என்று என் காதில் சொன்னார். அரை மணித்தியாலத்துக்குள் எல்லாத் தாளும் வந்துவிட்டன. அக்கா ஒவ்வொன்றாகப் புரட்டினார், புரட்டப் புரட்ட முகம் வெளிறியது. எல்லாத் தாளும் ஒரே தாள். கொழும்புத்துறையில் கோபக்காரர் ஒருவரும் இல்லை, சோம்பேறி இல்லை, பயந்தவர் இல்லை, பொருளைக் கண்ட இடத்தில் போடுகிறவர் இல்லை. யோசிக்காமல் ஒரே பக்கத்தில் புள்ளடி போடுகிறவர்களைப் பிடிப்பதற்காகச் சில கேள்விகளை மறுத்துக் கேட்டு இடையிடையே வைத்திருப்பார்கள். அவற்றிலும் ஒருவர்கூட அகப்படவில்லை. பின்வரிசையில் இருந்த கஜீவன் சேர் எழும்பி வந்து, அடக்கமாக, "ஏழாவதும் பதினெட்டாவதும் கொஞ்சம் சுத்தின கேள்வியள், மிஸ். ரண்டு நாள் அதுக்கெண்டே வகுப்பு வைச்சனான்" என்றார்.

அக்கா அப்படியே படியில் குந்தி அழத் தொடங்கிவிட்டார். ஒரு வருட உழைப்பு, சித்தப்பா. எனக்கும் அழுகை வந்தது, ஆனால் இரண்டு பேரும் அழுதால் தாள்களை யார் பிடிப்பது என்று அடக்கிக்கொண்டேன். பத்மாசினி அன்ரி தேத்தண்ணியோடு வந்து பக்கத்தில் இருந்து அக்காவின் முதுகைத் தடவினார்.

"ஏன் பிள்ளை அழுறாய்? எல்லாரும் பாஸ்தானே?"

அப்படிச் சொல்லிக்கொண்டே என் கையில் மேலாக இருந்த தாளைப் பார்த்தார். அது அவருடைய கணவரின் தாள். வாசித்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"கோவம் வராதாமோ? ஆருக்கு? இண்டைக்கு விடியக் காலமை சேட்டிலை தைச்ச தெறி அறுந்ததுக்கு என்னைத் திண்ட மனுசன்."

"சும்மா இரப்பா. நீ வெட்டுப் போட்டால் பாசையூர் முந்திப்போடும்" என்றார் தியாகலிங்கம் ஐயா.

அந்த நேரத்தில்தான் எனக்கு அது தோன்றியது. மாக்ஸ் இல்லை என்று சொன்னால் இந்த ஊர் நம்பாது, சரி, நம்ப வேண்டாம். பரீட்சை என்றால் தாளைத் திருத்த ஒருவர் வேண்டும்தானே? நான் என் பையிலிருந்த சிவப்புப் பேனையை எடுத்து பத்மாசினி அன்ரியிடம் நீட்டி, நீங்களே ஐயாவின் பேப்பரைத் திருத்துங்கோ என்றேன். அன்ரி சேலைத் தலைப்பால் கையைத் துடைத்துவிட்டுப் பேனையை வாங்கினார். எங்கள் பள்ளிக்கூடத்தில் எந்த ரீச்சரும் அவ்வளவு கவனமாகத் திருத்தி நான் கண்டதில்லை. சில இடத்தில் வெட்டினார், சில இடத்தில், "இல்லை, இது உண்மை, ஆருக்கும் ஒண்டெண்டால் முதல் ஓடுறது இந்த மனுசன்தான்" என்று சொல்லிச் சரி போட்டார். ஐயா அதைக் கேட்டுவிட்டுக் கடல் பக்கம் திரும்பி நின்றார். பிறகு மற்றப் பெண்களும் வந்தார்கள். கணவர்மாரும் விடவில்லை, எங்களுக்கும் திருத்தப் பேப்பர் தாங்கோ என்று வரிசையில் நின்றார்கள். சங்கக்கடையில் சிவப்புப் பேனை முடிந்துவிட்டது.

அன்று வீட்டுக்கு வந்து அக்கா அந்தத் திருத்தங்களையும் முதலாம் சுற்று விடைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். ஒத்துவந்தன. தேத்தண்ணி தந்துகொண்டு அவர்கள் தங்களைப் பற்றிச் சொன்னதும், வீட்டிலுள்ளவர் சிவப்புப் பேனையால் சொன்னதும் கணினியில் போட்டுப் பார்த்தபோதும் ஒத்துவந்தன. அப்படியென்றால் எங்கள் தமிழ் வினாக்கொத்து மனிதரைச் சரியாகவே அளக்கிறது, சித்தப்பா, பரீட்சை என்று நினைக்காத வரைக்கும். இங்கே பல்கலைக்கழகம் இருக்கும் திருநெல்வேலியில் அக்காவின் மேற்பார்வையாளர் கமலாவதி மிஸ் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, முதலில் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் சிரித்தார். பிறகு, ஒருவர் தன்னைப் பற்றிச் சொல்வதை வீட்டார் சொல்வதோடு ஒத்துப்பார்ப்பதும் சரியான வழிதான், இதை ஏற்றுக்கொள்கிறேன், ஆனால் ரியூசனுக்குப் போகாத ஆட்களிடம் ஒரு தரம் செய்துகாட்டு என்றார். ஆகவே கடைசிச் சுற்றை வெளிநாட்டிலிருக்கும் எங்கள் சொந்தக்காரரிடம் செய்கிறோம். அக்காவின் ஆய்வேட்டு நன்றியுரையில் என் பெயர் இருக்கிறது. அப்பா அந்தப் பக்கத்தைச் சாப்பாட்டு மேசையில் சத்தமாக வாசித்தார்.

இத்துடன் உங்கள் தாளும் சித்தியின் தாளும் வைத்திருக்கிறேன். மனிதர் எல்லா இடமும் ஒன்றுதான் என்று நீங்கள் எப்போதும் சொல்வது சரியா என்று அதில் தெரியும். மாக்ஸ் கிடையாது. உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். உங்கள் வீட்டின்மேல் கடவுளின் சமாதானம் தங்கட்டும், சித்திக்கு என் முத்தங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பெறாமகள்
அபிகாயில் கிருபைரட்ணம்

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகும்போது லண்டன் அத்தை அம்மாவோடு கதைத்தார். அவர்களுக்கும் தாள் கிடைத்துவிட்டதாம். கஜீவன் சேர் சூமில் வகுப்பு எடுப்பாரா என்று கேட்டு நம்பரை வாங்கியிருக்கிறார். அக்காவுக்கு இதை நான் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் உண்மையையே எழுதுங்கள் சித்தப்பா. ஏழாம் கேள்வியையும் பதினெட்டாம் கேள்வியையும் மட்டும் இரண்டு தரம் வாசியுங்கள்.