ஸுஹைனாவின் கணினி யோசிக்கிறது

ஓட்டமாவடி,
செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் முனாபுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். கத்தார் வெயிலில் நீயும் மருமகள் ஷாகிராவும் பிள்ளைகளும் வாடாமல் இருக்க ஐந்து வேளையும் துஆ கேட்கிறேன். போனில் சொன்னால் "சரிம்மா, சரிம்மா" என்று பாதியில் வைத்துவிடுகிறாய். எழுதினால் முழுவதையும் படிக்கத்தானே வேண்டும்.

முதலில் சந்தோஷமான செய்திகள். உன் தம்பி இர்ஷாதின் மகள் அகீலா மருத்துவ பீடத்துக்கு எடுபட்டுவிட்டாள். ஊரில் பாதிப் பேருக்கு நானே சொல்லிவிட்டேன், மீதிப் பேரைத் தேடிக்கொண்டிருக்கிறேன். உன் மூத்தவன் குர்ஆன் ஓதி முடித்தான் என்று இங்கே வட்டிலப்பம் அவித்துக் கொடுத்தோம். உன் கடைக்குட்டிக்கு ஏழாம் நாள் தலைமுடி இறக்கும்போது அவன் அழவே இல்லையாம், அதுவும் ஒரு கெட்டித்தனந்தான். உன் தங்கை ஸாதியாவின் மகள் ஸுஹைனாவோ வீட்டிலிருந்தே கொழும்புக் கம்பனி ஒன்றுக்கு வேலை செய்கிறாள். ரேடியோவைக் கழற்றினால் உள்ளே பச்சைத் தகடு ஒன்று இருக்குமே, அதில் செம்புக் கோடுகள் எப்படி ஓடவேண்டும் என்று கணினியில் வரைகிற வேலை. இப்போது வரைவது, இறால் பண்ணையில் தண்ணீர் கெட்டால் முதலாளிக்குச் செய்தி அனுப்பும் கருவிக்கு. நம் வீட்டில் எந்தப் புது வேலையிலும் ராசிக்கு மூத்தவளின் கை முதலில் படவேண்டும் அல்லவா? கணினிக்குள் கையை விட முடியாதே. "என்ட படத்தையாவது ஒரு மூலையில வை, புள்ள" என்றேன். உன் கலியாணத்தில் பூவேலைச் சாரியோடு எடுத்த படத்தை வைத்துவிட்டாள். தகட்டைச் சீனாவில்தான் அடிப்பார்களாம். பாஸ்போட் இல்லாமலே உன் உம்மா சீனா போகிறேன்.

இனி என் கவலையைக் கேள். அந்தக் கணினி அசைகிறதே இல்லை. ஒரு கோட்டை இந்தப் பக்கம் தள்ளினால் நின்று யோசிக்கிறது, ஸுஹைனா கன்னத்தில் கைவைத்துக் காத்திருக்கிறாள், நான் தேத்தண்ணி போட்டுக் கொண்டுவந்தாலும் அது யோசித்து முடிவதில்லை, வெள்ளிக்கிழமைக்குள் தகட்டின் வரைபடம் வராவிட்டால் வேலையும் இல்லை என்று மேலதிகாரி சொல்லிவிட்டார், பிள்ளை சோறும் ஒழுங்காகத் தின்பதில்லை. கரண்ட் போதாதாக்கும் என்று நான் ஃபேனை நிப்பாட்டினேன், டீவியை நிப்பாட்டினேன், யாரும் பார்க்காத நேரம் பிரிஜ்ஜையும் நிப்பாட்டினேன். மறுநாள் ஸாதியா கத்தினாள்: "ஆரும்மா பிரிஜ்ஜ நிப்பாட்டின? இறால் முழுக்க நாறிக் கிடக்கு!" பூனைக்கு வைத்தோம், அதுவும் மணந்து பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டது. பிறகு சூடேறிவிட்டதாக்கும் என்று ஓலை விசிறியால் கணினிக்கு வீசினேன், மேசையில் இருந்த தாளெல்லாம் பறந்தன. கடைசியில் பஸ் நிற்கும் இடத்தில் கணினி திருத்தும் கடை வைத்திருக்கும் ஸாஹிரைக் கூட்டிவந்தேன். திறந்து தூசி தட்டிப் பார்த்தான்.

"மெசின்ல ஒரு குறையும் இல்ல, உம்மா. அவ வரையிற வேலைக்குள்ளதான் என்னமோ பாரமாக் கிடக்கு."

"செம்பெண்டா பாரம்தானே, வாப்பா?"

சிரித்துக்கொண்டே போய்விட்டான். அவன் என்னத்தைக் கண்டான்! குற்றம் உன்னுடையது, மகன். அது நீ கொண்டுவந்து கொடுத்த கணினி. உடனே வேகமான புதுக் கணினி ஒன்றை ஊருக்கு வரும் ஆள் யாரிடமாவது கொடுத்துவிடு. கடிதம் வந்து சேருமுன் வெள்ளிக்கிழமை கழிந்துவிடும் என்கிறாள் ஸாதியா. அவளுக்கு எல்லாவற்றிலும் குறைதான். நீ வேகமாகப் படி.

உன் உழைப்பில் பரக்கத்தும் உன் வீட்டில் சிரிப்பும் குறையாமல் இருக்கட்டும்.

நித்திரை கெட்டுக் கிடக்கும் உம்மா,
ஸாலிஹா.

பின்குறிப்பு: ஒட்டிய உறையைப் பிரித்து எழுதுகிறேன். கணினி வேண்டாம், மகன். தகட்டில் இருப்பதை ஸுஹைனா படை படையாக, அதாவது ஒவ்வோர் அடுக்காக, மறைத்துப் பார்த்திருக்கிறாள். வெள்ளை மையில் அச்சாகும் படையை மறைத்ததும் கோடுகள் ஆற்றில் விட்ட மீன்குஞ்சுபோல் ஓடினவாம். அந்தப் படையில் இருந்தது நான். என் படத்தைக் கணினி பொடிப்பொடித் துண்டாக்கி வைத்துக்கொண்டு, ஒரு கோடு அசைந்தாலும் எங்கேயாவது முட்டுகிறதா என்று அத்தனை துண்டையும் சுற்றிப் பார்த்திருக்கிறது.

"கோவிக்காதீங்க உம்மம்மா, உங்கட சாரிப் பூவெல்லாம் அது ஒவ்வொண்டா எண்ணிக்கிட்டு நிண்டிருக்கு."

"பூவ மட்டுமா?"

"முகத்துச் சுருக்கத்தையும்தான்" என்று கட்டிப்பிடித்துக்கொண்டாள். என்னை எடுத்துவிட்டு, வேலையை முடித்து, இன்றைக்கே அனுப்பிவிட்டாள். அடுத்த தகடும் அவளுக்குத்தானாம்.

அதற்கும் ராசி வேண்டாமா? உன் கடைக்குட்டியை வெள்ளைச் சட்டையில், பூ ஒன்றும் இல்லாமல், ஒரு படம் எடு. போனில் அனுப்பாதே, என் கை படவேண்டும், தபாலில் போடு. முடி முளைக்குமுன் எடு, மகன்.