பன்னிரண்டாம் எண்ணும் வாழைக்காய் பஜ்ஜியும்

பெண் பார்க்கப் போகிறவனுக்கு வாய் அவன் கட்டுப்பாட்டில் இருக்க வேண்டும். எனக்கு அன்று வாயும் இல்லை, கையும் இல்லை. இத்தனைக்கும் புறப்படும்போது அம்மா, "அங்க போய் உன் ஆஸ்பத்திரி கதய ஆரம்பிக்காத" என்று சொல்லித்தான் அழைத்துப் போனார்.

செங்கல்பட்டில் மெடிக்கல் ஷாப்பில் நின்றுகொண்டிருந்த நான், அப்போதுதான் கேளம்பாக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் மருந்து ஆய்வுப் பிரிவில் சேர்ந்திருந்தேன். புதிய மருந்து கடைக்கு வருவதற்கு முன், சம்மதித்து வருகிறவர்களுக்குக் கொடுத்துப் பார்க்கும் இடம். (கொடுப்பது டாக்டர் மேடம். நான் எடை பார்த்து, கேள்வி கேட்டு, எழுதுகிறவன். வீட்டில் மட்டும் 'ரிசர்ச்' என்று சொல்லி வைத்திருந்தேன்.)

சேர்ந்ததும் மேடம் எனக்குச் சொற்களைப் பாடம் எடுத்தார். பெப்டைடு என்றால் என்ன? புரதம் நீளமான பூச்சரம் என்றால், அதில் கிள்ளிய ஒரு முழம். விழுங்கினால் பெரும்பாலும் வயிறு அதைச் சோற்றோடு சேர்த்துச் செரித்துவிடும், அதனால் ஊசி. ஹாஃப் லைஃப் என்பது உடம்பில் ஏறிய மருந்து பாதியாகக் குறைய ஆகும் காலம். நாங்கள் சோதித்த சர்க்கரை நோய் ஊசிக்கு அது ஏறக்குறைய ஒரு வாரம். ஆகவே வாரம் ஒரு ஊசி போதும். பிளசிபோ என்பது பார்க்க மருந்து மாதிரியே இருக்கும், உள்ளே மருந்து இருக்காது. டபுள் பிளைண்டு என்றால், யாருக்கு எது போகிறது என்று போட்டுக்கொள்கிறவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது.

என்னைத் தூங்கவிடாமல் செய்தவை மற்ற இரண்டு. ஒன்று, அட்வர்ஸ் ஈவன்ட். ஆய்வில் இருப்பவருக்கு உடம்புக்கு எந்தக் கெடுதல் வந்தாலும், மருந்தால் வந்ததா என்பது பிறகு. முதலில் கேட்டு எழுதிவிட வேண்டும். எப்போது ஆரம்பித்தது, எவ்வளவு நேரம், மைல்டா, மாடரேட்டா, சிவியரா? இன்னொன்று, கான்ஃபிடென்ஷியாலிட்டி. இன்னார் ஆய்வில் இருக்கிறார் என்பதையே வெளியே மூச்சு விடக் கூடாது. "வழியில பார்த்தாகூட தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க. உங்க வாயால வெளிய போச்சுன்னா, நீங்களும் வெளிய போக வேண்டியதுதான்" என்றார் மேடம். எனக்கு அன்றிலிருந்து கேளம்பாக்கம் பஸ் ஸ்டாண்டில் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவே பயம்.

எங்கள் தாள்களில் பெயர் வராது, எண்தான் வரும். அப்படி எனக்குப் பழக்கமான ஒருவர் பன்னிரண்டாம் எண், சுருக்கமாகப் பன்னிரண்டு. சிறுசேரிக்கு ஆள் ஏற்றும் வேன் ஓட்டுகிறவர், நல்ல ஆகிருதி. சனிக்கிழமை காலையில் வருவார். "வூட்ல தெரியாது சார். தெரிஞ்சா என் சம்சாரம், நீ இன்னா எலியான்னு கேப்பா. வண்டி சர்வீஸுன்னு சொல்லிகினு வரேன்" என்பார். பெயர் பக்தவச்சலம். எனக்குப் பார்த்த பெண்ணின் ஜாதகத்தில் இருந்த தகப்பனார் பெயரும் அதுதான். பெண்ணின் ஊரான திருக்கழுக்குன்றத்தில், கோயில் சாமி பெயரே அது, தெருவுக்கு நாலு பக்தவச்சலம் உண்டு என்பதால் நான் சந்தேகப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை, அம்மா, தாய்மாமா, நான் மூவரும் பெண் வீட்டு வாசலில் இறங்கினோம். "வாங்க, வாங்க" என்று கைகூப்பி வந்த மனிதர் என்னைப் பார்த்ததும் கூப்பிய கையைப் பிரிக்க மறந்து நின்றார். பன்னிரண்டு! 'காட்டிக்கொடுத்துடாத சாமி' என்று அவர் கண் கெஞ்சியது. என் கண்ணும் அதையேதான் அவரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தது.

பெண், பெயர் ரேவதி, கேசரியோடு வந்தாள். நான் ஒருமுறைதான் பார்த்தேன், பிடித்துவிட்டது. இரண்டாம் முறை பார்க்க முடியாதபடி தட்டு தட்டாக வாழைக்காய் பஜ்ஜி வந்து இறங்கியது. அந்த ஊசி வயிறு காலியாவதைத் தாமதப்படுத்தும் வகை, எண்ணெய் ஏறினால் குமட்டிக்கொண்டு வரும். முந்தின நாள்தான் பன்னிரண்டுக்கு அளவைக் கூட்டியிருந்தோம். "எண்ணெய்ப் பலகாரம் வேணாம், கொஞ்சம் கொஞ்சமா சாப்பிடுங்க" என்று சொல்லி அனுப்பியதே நான்தான்.

அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என் மாமா விடுவாரா? "சம்மந்தி துன்னாதான் நாங்க துன்னுவோம்" என்றார். (இன்னும் சம்மந்தியே ஆகவில்லை.) பன்னிரண்டின் மனைவி உடனே புருஷன் தட்டிலும் பஜ்ஜியை அடுக்கினார். அவர் ஒன்று தின்றார். மாமா பார்க்கிறார் என்று இன்னொன்று தின்றார். நெற்றியில் வியர்வை அரும்பியது. சொல்லவும் முடியாது, சும்மா இருக்கவும் முடியாது. எனக்கு ஒரே ஒரு வழி தெரிந்தது. கையை நீட்டி அவர் தட்டிலிருந்த பஜ்ஜியை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன்.

"இன்னும் கொண்டாரேன் தம்பி, அதுக்கு இன்னா இப்ப" என்று அவர் மனைவி ஓடிப்போய் அவர் தட்டை மறுபடி நிரப்பினார். நான் மறுபடி எடுத்தேன். அம்மா என் தொடையைக் கிள்ளினார். "டேய், மானத்த வாங்காத. வூட்ல சோறு போடலன்னு நெனப்பாங்க" என்று பல்லைக் கடித்தார். நான் மென்றுகொண்டே பன்னிரண்டின் தட்டைக் காவல் காத்தேன்.

பன்னிரண்டு திடீரென்று எழுந்து கொல்லைப்புறம் ஓடினார். ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. நானும் பின்னாலேயே ஓடினேன். கிணற்றடியில் குனிந்திருந்தவரின் முதுகைத் தடவியபோது என் மூளை ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. வாய் அதன் போக்கில் பேசியது.

"எப்ப ஆரம்பிச்சது?"

"பஜ்ஜி வந்தப்புறம் சார்."

"மைல்டா, மாடரேட்டா, சிவியரா?"

அவரும் சனிக்கிழமைப் பழக்கத்தில், வாயைத் துடைத்துக்கொண்டு, பவ்யமாகச் சொன்னார்: "மாடரேட் சார்."

திரும்பினால், பின்வாசலில் மொத்தக் குடும்பமும் நின்றிருந்தது.

"இன்னாய்யா இது? பொண்ணு பாக்க வந்த புள்ளய சார்ன்ற? முன்னாடியே தெரியுமா?" என்றார் அவர் மனைவி.

அவர் தோளில் துண்டைத் தேடினார். அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "நீ சொல்லு தம்பி."

"அத நான் சொல்லக் கூடாதுங்க."

இதைவிட மோசமான பதிலை இன்றுவரை நான் யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. என் மாமாவே எனக்கு எதிராகத் துப்பறியத் தொடங்கினார். "சனிக்கெழம சனிக்கெழம வண்டி சர்வீஸுன்னு கேளம்பாக்கம் போறாருன்னீங்களே, இவனும் அங்கதான கீறான்? ரெண்டு பேரும் ஒண்ணா குந்திகினு சரக்கு அடிக்கிற பார்ட்டிங்களா?" அம்மா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்தினார். வாழ்க்கையில் ஒரு பீரைக்கூட மோந்து பார்க்காத நான், குடிகாரனாக அந்தக் கிணற்றடியில் நின்றேன். ஒரு வார்த்தை சொன்னால் பழி போய்விடும், வேலையும் போய்விடும். சொல்லாவிட்டால் ரேவதி போய்விடுவாள். அழுகை வந்தது, அடக்கிக்கொண்டேன். வாயைத் திறக்கவில்லை.

"வாங்க, கெளம்பலாம்" என்றார் மாமா.

"இருங்க" என்றார் பன்னிரண்டு. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார். "எனுக்கு சக்கர ஜாஸ்தி கீது. புதுசா ஒரு ஊசி போட்டு சோதிக்கிறாங்க, அதுல சேந்துகீறேன். இந்தத் தம்பி அந்த ஆஸ்பத்திரில வேல செய்யுது. அவ்ளோதான்."

"நீ இன்னா எலியா?" என்றார் அந்த அம்மா. (புருஷன் சரியாகத்தான் கணித்து வைத்திருந்தார்.) கோபத்தோடு கண்ணிலும் நீர் நின்றது. "சக்கரன்னு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. நான் பாட்டுக்கு பஜ்ஜியா அடுக்கினுகீறேன்!"

அப்போதுதான் ரேவதி முதல்முறையாக என்னிடம் பேசினாள். "அப்பாக்குப் போடறது மருந்தா, வேற ஏதாவதா?"

அவர்தான் சொல்லிவிட்டாரே என்று வாய் திறந்தேன். "எனக்குத் தெரியாதுங்க. டாக்டருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது."

"யாருக்குமே தெரியாத ஊசியவா வாரா வாரம் போய்ப் போட்டுகினு வர?" என்று அவள் அம்மா அலறினார். ரேவதி சிரித்துவிட்டாள். அடக்கப் பார்த்து, முடியாமல், கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அங்கிருந்தே மேடத்துக்குப் போன் செய்தேன். பன்னிரண்டை அவரிடம் பேசவைத்தேன். கொஞ்சம் கொஞ்சமாகத் தண்ணீர் குடிக்கச் சொல்லி, மறுநாள் வரச் சொன்னார். "அப்புறம் மேடம், இன்னொரு விஷயம்..." என்று ஆரம்பித்தேன். முழுவதும் கேட்டுவிட்டு, "அந்தப் பொண்ணு சம்மதிச்சா சொல்லுங்க. எதுக்கும் இப்பவே உங்கள வேற ஆய்வுக்கு மாத்திடறேன்" என்றார். வேலை போகவில்லை. மறுநாள் என் இடத்துக்கு வந்தவர் எழுதிய அட்வர்ஸ் ஈவன்ட் விவரத்தில் வாழைக்காய் பஜ்ஜியும் இடம்பெற்றதாகக் கேள்வி.

ரேவதி சம்மதித்தாள். பயந்து வெலவெலத்துப் போயும் அப்பாவைக் காட்டிக்கொடுக்காத முகம் பிடித்ததாம். இப்போதும் எனக்குத் தலைவலி என்றால் தைலம் வருவதற்கு முன், "மைல்டா, மாடரேட்டா, சிவியரா?" என்ற கேள்விதான் வரும். அவள் அம்மா கோபித்துக்கொண்டால் என் மாமனார் அடுப்படியை எட்டிப் பார்த்துவிட்டு வந்து, "சிவியரு" என்று எனக்கு மட்டும் கேட்கும்படி சொல்வார்.

விருந்து எதுவானாலும் அவர் என் பக்கத்தில்தான் உட்காருவார். பஜ்ஜி வந்தால், யார் பக்கமும் பார்க்காமல், தன் தட்டிலிருந்து எடுத்து என் தட்டில் வைத்துவிடுவார். நானும் மறுபேச்சில்லாமல் தின்றுவிடுவேன். அவருக்கு இப்போது சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது. போன மாதம் என்னுடைய சர்க்கரையைப் பார்த்தார்கள், எல்லை தாண்டியிருந்தது. அன்று மாலையே மாமனார் வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, ஹாரன் அடித்தார்.

"ஏறுங்க மாப்ள. வண்டி சர்வீஸு போயிட்டு வரலாம்."