சம்பந்தியம்மா படம் முப்பத்தெட்டு கேபி ஆன விவரம்

பெருநகர்,
ஞாயிறு காலை.

ஐயங்கார்குளம் பெருமதிப்பிற்குரிய சம்பந்தி ஜெகதீசன் அவர்களுக்கு, ஊர்ப்புற நூலகத்தில் முப்பத்தோரு ஆண்டு பணியாற்றி ஓய்வு பெற்றவனும், தங்கள் மருமகள் திவ்யாவைப் பெற்றவனுமாகிய பஞ்சாட்சரம் இரண்டு கையும் கூப்பி எழுதுவது.

இங்கே நானும் செல்லம்மாளும் சௌக்கியம். பசுவும் கன்றும் சௌக்கியம். தங்கள் முழங்கால் வலி இந்நேரம் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எல்லாம் நல்லபடியாக முடிந்துவிட்டது. இதற்குக் கீழே எங்கேயாவது தங்களுக்கு நெஞ்சு படபடத்தால் திரும்ப மேலே வந்து இந்த வரியை ஒரு தடவை படித்துவிட்டு அப்புறம் தொடரவும். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். மூன்று தடவை தங்களைக் கூப்பிட்டேன். மூன்று தடவையும் தாங்கள் "சொல்லுங்க சம்பந்தி, மழ கீதா அங்க?" என்று கேட்டீர்கள். நானும் மழையைப் பற்றியே பேசிவிட்டு வைத்துவிட்டேன். போன வாரம் இங்கே மழையே இல்லை. பெய்தது என்று சொன்னது பொய். மன்னிக்கவும்.

போன மாதம் தங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது ஒரு பென்டிரைவை என் கையில் கொடுத்து, "தேவகி படம் நல்லதா இது ஒண்ணுதான் சம்பந்தி கீது. மோகன் போனு கெணத்துல வுழுந்ததோட மத்ததெல்லாம் போச்சி. கல்யாண ஆல்பத்துல கூட்டத்தோட கூட்டமாத்தான் கீறா. உங்களுக்குத்தான் கம்ப்யூட்டரு தெரியுமே, பெருசு பண்ணி சட்டம் போட்டுக் குடுங்க, ஆடியில வருச திதிக்கு வெக்கணும்" என்று சொன்னீர்கள். அப்போதே எனக்கு அவ்வளவாகத் தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் அதற்கு அரைமணி முன்னால்தான், தங்கள் வீட்டு ஊஞ்சலில் உட்கார்ந்துகொண்டு, கணினியில் நான் படங்களை எப்படி வகை பிரித்து வைத்திருக்கிறேன் என்று காபி ஆறுகிற அளவுக்கு விளக்கியிருந்தேன். அதனால் வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் சம்பந்தியம்மா படத்தைக் கணினிக்கு மாற்றினேன். இதில் நகல் எடுப்பது என்று ஒன்று உண்டு, வெட்டி ஒட்டுவது என்று ஒன்று உண்டு. ஒரே புத்தகம் இரண்டு அலமாரியில் இருக்கக் கூடாது என்று முப்பத்தோரு வருடம் பழகியவன் நான். வெட்டி ஒட்டினேன். பென்டிரைவ் துடைத்துவிட்ட பலகை மாதிரி ஆயிற்று. அது மிகவும் ஒழுங்காக இருப்பதாக எனக்குத் தோன்றியது.

அதற்குப் பிறகுதான் வினை ஆரம்பித்தது. திவ்யா தன் ஆபீசில் கழித்துக் கட்டிய கணினியைத்தான் எனக்குக் கொடுத்திருக்கிறாள் என்பது தங்களுக்குத் தெரியும். ஒருநாள் அது இடம் இல்லை, இடம் இல்லை என்று சிவப்புக் கோடு காட்ட ஆரம்பித்தது. எல்லாம் படங்கள். திறந்து பார்த்தால் ஒரு படத்தின் பெயருக்குப் பின்னால் ஜேபிஜி, இன்னொன்றின் பின்னால் பிஎன்ஜி, திவ்யா போனிலிருந்து வந்ததற்கெல்லாம் வாயில் நுழையாத நாலு எழுத்து. ஒரே குடும்பத்தில் இத்தனை இனிஷியலா என்று எனக்குப் பொறுக்கவில்லை. தைப்பூசத் திருவிழாப் படங்கள் நாற்பத்தேழுக்கும் வாலை அழித்துவிட்டு ஜேபிஜி என்று கையாலேயே அடித்தேன். ஒவ்வொரு தடவையும் கணினி, மாற்றினால் படம் கெட்டுப்போகலாம், பரவாயில்லையா என்று கேட்டது. ஒவ்வொரு தடவையும் பரவாயில்லை என்றேன். கடைசியில் சாமியும் திறக்கவில்லை, தேரும் திறக்கவில்லை. பெயரை மாற்றினால் உள்ளே இருப்பது மாறாது என்று திவ்யா போனில் சொன்ன பிறகு, ஞாபகம் வைத்து நாற்பத்தேழு வாலையும் திரும்ப ஒட்டவைத்தேன். இதற்கு இரண்டு நாள் பிடித்தது. இதோடு நிறுத்தியிருந்தால் இந்தக் கடிதம் இல்லை.

ஆனால் இடம் குறையவில்லையே. யூடியூபில் ஒருவர், ஆயிரம் படத்தை ஒரே தட்டில் சின்னதாக்கலாம் என்று சொல்லிக்கொடுத்தார். ஒரு படம் ஆறு எம்பி இருந்தது. அதை முப்பது நாற்பது கேபி ஆக்கலாம் என்றார். ஆயிரத்து நூற்றுச் சொச்சம் படத்தையும் தேர்ந்தெடுத்தேன். அதற்குள் சம்பந்தியம்மா படமும் இருந்தது. பழைய படத்தின் மேலேயே எழுதிவிடட்டுமா என்று கணினி கேட்டது. அது கேட்கும்போதெல்லாம் இல்லை என்று சொல்வது மரியாதையாக இருக்காது என்று எனக்கு ஒரு எண்ணம். ஆம் என்றேன். பத்து நிமிடத்தில் சிவப்புக் கோடு நீலமாகிவிட்டது. செல்லம்மாளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இன்னா, வூட்ட பெருக்கினா மாதிரி கீது" என்று அவளே மெச்சினாள். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவள் என்னை மெச்சியது அதோடு இரண்டாவது முறை.

மறுநாள் சட்டம் போடக் கொடுப்பதற்காகப் படத்தை எடுத்துக்கொண்டு உத்திரமேரூர் பஸ் ஏறினேன். பிரிண்ட் போடும் கடையில் இருந்த அம்மா திரையில் பார்த்துவிட்டு, "இன்னா சார் இது, முப்பத்தெட்டு கேபிதான் கீது. ஐடி கார்டுக்கா?" என்று கேட்டார். இல்லையம்மா, சுவரில் மாட்ட, இரண்டடிக்கு வேண்டும் என்றேன். அவர் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினார். சம்பந்தி, அதில் முகம் இல்லை. கட்டம் கட்டமாக, பழுப்பும் மஞ்சளுமாக, ஒரு பாய் விரித்த மாதிரி இருந்தது. மூக்குத்தி இருந்த இடத்தில் ஒரு வெள்ளைச் சதுரம். "ஒரிஜினல் இருந்தா எடுத்தாங்க சார், இதுல ஒண்ணியும் பண்ண முடியாது" என்றார் அந்த அம்மா. ஒரிஜினல் மேலேயேதானம்மா இதை எழுதிவிட்டேன் என்றேன். அவருக்குப் புரிந்துவிட்டது. எனக்கு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு, குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து நான் செய்யாதது ஒன்றுமில்லை. குப்பைத் தொட்டி என்று கணினியில் ஒரு இடம் இருக்கிறதல்லவா, அதைக் கிளறினேன். அதில் போன வருடத்து மின்கட்டண ரசீதுதான் இருந்தது. சின்னதாக்கியதைத் திரும்பப் பெரிதாக்கினால் சரியாகிவிடும் என்று நினைத்து ஐந்தாயிரம் அகலம் என்று அடித்தேன். கோப்பின் எடை ஏறியது, முகம் வரவில்லை. முன்பு சின்னச் சின்னக் கட்டம்; இப்போது பெரிய பெரிய கட்டம். இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. தங்களுக்கு இருப்பது இந்த ஒரு படம். அதை நம்பி என் கையில் கொடுத்தீர்கள். திதியன்று மாலை போட மகன் மருமகளோடு வந்து நிற்பீர்கள், நான் இந்தப் பாயைக் காட்டுவதா? திவ்யா முகத்தில் எப்படி விழிப்பேன்? செவ்வாய்க்கிழமை, இட்லியைப் பிய்த்துப் பிய்த்து வைத்துக்கொண்டிருந்தவன், தாங்காமல் செல்லம்மாளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். "ஊர்ல கீற படத்தையெல்லாம் சுருக்கினீங்களே, உங்க பேச்ச கொஞ்சம் சுருக்கியிருந்தா அந்த மனுசன் உங்கள நம்பிக் குடுத்திருப்பாரா?" என்று கேட்டாள். அப்புறம், "அந்தப் படம் எட்த்தது யாரு? கல்யாணத்துல எட்த்த டேனியலுதான? அவருகிட்ட போய்க் கேளுங்களேன்" என்றாள்.

எனக்கும் அது தோன்றாமல் இல்லை. ஆனால் டேனியல் முகத்தில் விழிக்க எனக்குக் கூச்சம். தாலி கட்டுகிற நேரத்தில் அவர் கேமராவோடு குறுக்கே நின்றார் என்று, இருநூறு பேர் முன்னால், "நகருய்யா, உன் முதுகைப் பார்க்கவா பொண்ணு பெத்தேன்" என்று கத்தியவன் நான். தாங்களும் பக்கத்தில்தான் நின்றீர்கள். மூன்று வருடமாக உத்திரமேரூர் போனால் அவர் ஸ்டுடியோ இருக்கும் தெருவைச் சுற்றிக்கொண்டுதான் போவேன். புதன்கிழமை சுற்றாமல் நேராகப் போனேன்.

டேனியல் என்னைப் பார்த்ததும் நாற்காலியைவிட்டு எழுந்து, சுவரோரமாக நகர்ந்து நின்று, "இப்ப மறைக்கலியே சார்?" என்றார். சிரித்துவிட்டு அவரே உட்காரச் சொன்னார். விஷயத்தைச் சொன்னேன். "மூணு வருசம் ஆச்சே சார்" என்று தலையைச் சொறிந்தார். எனக்கு உயிர் போய்விட்டது. "இல்ல சார், நான் எதையும் அழிக்கமாட்டேன். எந்த டிஸ்க்குல கீதுன்னு தேடணும், அதான் பேஜாரு" என்று சொல்லிக்கொண்டே அட்டைப் பெட்டி ஒன்றை இறக்கினார். அதில் செங்கல் செங்கலாக ஹார்டு டிஸ்க். ஒவ்வொன்றிலும் முகூர்த்தத் தேதி எழுதி ஒட்டியிருந்தது. எங்கள் தேதி இருந்த டிஸ்க்கைச் சொருகினால் டொக் டொக் என்று சத்தம் மட்டும் வருகிறது, ஒன்றும் தெரியவில்லை. வயரை மாற்றினார். அப்போதும் டொக் டொக். மூன்றாவது வயரில் சத்தம் நின்றது. திரையில் நம் பிள்ளைகள் கல்யாணம் வரிசையாக வந்தது. சம்பந்தியம்மாவும் வந்தார், மூக்குத்தியோடு, ஒரு கட்டமும் இல்லாமல். நான் டேனியலின் கையைப் பிடித்துக்கொண்டேன். என்ன சொன்னேன் என்று நினைவில்லை. மன்னிப்பும் கேட்டேன் என்று நினைக்கிறேன்.

அங்கேதான் இன்னொன்றும் நடந்தது. தாங்கள் கொடுத்த படத்தில் சம்பந்தியம்மா விறைப்பாக, பாஸ்போர்ட்டுக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருப்பார் அல்லவா? அதற்கு அடுத்த படத்தை டேனியல் தட்டினார். அதில் அவர் சிரிக்கிறார். முந்தானையால் வாயைப் பொத்தப் போய், பொத்த முடியாமல், கண்ணில் தண்ணீர் வருகிற சிரிப்பு. "இத்த ஆல்பத்துல போடல சார். ஓரத்துல ஒருத்தரு நொண்டிக்கினு கீறாரு பாருங்க, படம் கெட்டுப்போச்சின்னு வுட்டுட்டேன்" என்றார். யார் என்று உற்றுப் பார்த்தேன். பட்டு வேட்டியை ஒரு கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அறுந்த செருப்பை இன்னொரு கையில் வைத்துக்கொண்டு, ஒற்றைக் காலில் நிற்பது தாங்கள்தான். அம்மா பார்ப்பது தங்களைத்தான். டேனியல், "இதுவும் ஒண்ணு போட்டுரவா சார்?" என்றார். போடுங்கள் என்றேன்.

பென்டிரைவில் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்து திறந்தால், கணினி இந்தக் கோப்பு எனக்குத் தெரியாது என்றது. டேனியலைக் கூப்பிட்டேன். "அது ரா ஃபைலு சார். அது அரிசி. உங்க கம்ப்யூட்டருக்கு சோறுதான் துன்னத் தெரியும். பக்கத்துலயே ஜேபிஜின்னு சோறாக்கியும் வெச்சிக்கீறேன், அத்தத் தொறங்க" என்றார். திறந்தது. தாங்கள் கேட்ட படத்தின் அரிசி, சோறு இரண்டையும் கணினியில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று, திவ்யாவுக்கு மெயிலில் ஒன்று என்று மூன்று இடத்தில் வைத்துவிட்டேன். நகல் எடுத்தேன், வெட்டவில்லை. என் மற்ற ஆயிரத்து நூறு படங்களும் தபால்தலை அளவில்தான் இருக்கின்றன. அவை பெரும்பாலும் நான் எடுத்த வயல்வெளிப் படங்கள் என்பதால் வீட்டில் யாரும் வருந்தவில்லை.

தாங்கள் கேட்ட படத்தை இரண்டடிக்கு, தேக்குச் சட்டம் போட்டு, இன்று இங்கே வந்திருக்கும் மாப்பிள்ளை மோகன் கையில் இத்துடன் கொடுத்தனுப்பியிருக்கிறேன். சிரிக்கிற படம் சின்ன உறையில் தனியாக இருக்கிறது. எதைச் சுவரில் மாட்டுவது, எதைப் பெட்டியில் வைத்துக்கொள்வது என்பது தங்கள் விருப்பம். நேற்று ராத்திரிதான் நிம்மதியாகத் தூங்கினேன். என் மேல் கோபம் இருந்தால் நேரில் திட்டவும். வீட்டில் எல்லாரும் தீர்க்காயுசாக, குறைவில்லாமல் இருக்க எங்கள் ஊர்ச் சாமியை வேண்டிக்கொண்டு,

தங்கள் கீழ்ப்படிதலுள்ள,
பஞ்சாட்சரம்.

பி.கு.: கடித உறையை ஒட்டி மாப்பிள்ளை கையில் கொடுத்தேன். வாங்கிப் பார்த்துவிட்டுச் சிரிக்கிறார். "மாமா, அப்பாவுக்கு எல்லாம் தெரியும். செவ்வாக்கெழமையே அத்தை திவ்யாகிட்ட சொல்ட்டாங்க. நான் வந்து உங்களாண்ட பேசறேன்னேன், அப்பாதான் தடுத்துட்டாரு. 'வுடுடா, அவரா எழுதட்டும். எப்பிடியும் ஆறு பக்கம் எழுதுவாரு. உங்கம்மா இருந்தா படிச்சிட்டு வுழுந்து வுழுந்து சிரிப்பா'ன்னாரு" என்கிறார். அதனால் ஒட்டிய உறையைப் பிரித்து இதை எழுதுகிறேன். மேலே உள்ளது எதையும் தாங்கள் படிக்க வேண்டியதில்லை. மழை விஷயத்தையும் விட்டுவிடவும். சின்ன உறையை மட்டும் முதலில் பிரியுங்கள். அதில் இருப்பது எனக்கும் டேனியலுக்கும் தவிர இதுவரை யாருக்கும் தெரியாது. செல்லம்மாளிடம்கூட நான் வாயைத் திறக்கவில்லை.