பன்னிரண்டு நிற மை

தனக்கோடிக்கு உலகத்தில் சந்தேகம் வராத விஷயம் ஒன்றே ஒன்றுதான். அவருடைய சொந்தப் புத்தி.

ஆரணியில் அவர் மனைவி அகல்யா ஏரிக்கரைக் கொக்குகளை வாட்டர்கலரில் வரைவாள். சென்னையில் ஒரு ஓவியக் கடை அந்தப் படங்களின் பிரதிகளை மாதாமாதம் கேட்டது. வெளியில் கொடுத்து அச்சடித்தால் வெள்ளைக் கொக்குக்கு மஞ்சள் காமாலை வந்தது. சொந்தமாகவே ஒரு பெரிய பிரிண்டர் வாங்குவதென்று முடிவானது.

"நான் பாத்துக்கறேன். உன்னை ஈஸியா ஏமாத்திடுவானுங்க" என்றார் தனக்கோடி.

வேலூர்க் கடையில் விற்பனையாளர் கோபிநாத் இரண்டு பிரிண்டர்களைக் காட்டினார். இரண்டிலும் பன்னிரண்டு நிற மை. ஒன்று இருபத்துநாலு அங்குல அகலம், இன்னொன்று நாற்பத்துநாலு. தனக்கோடி மையை முகர்ந்து பார்த்தார். சாம்பிள் படத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து பத்து நாள் மொட்டைமாடி வெயிலில் கிடத்தினார். அது மங்கவில்லை.

"மங்காம இருக்கறதே சந்தேகமா கீது" என்றார். இருந்தாலும் மனசு பெரியதில்தான் ஒட்டிக்கொண்டது. "உன் மேசைய மாடிப்படிக்குக் கீழ போட்டுக்க. சன்னலோரம் இந்தப் பெருசுக்கு வேணும்."

"அங்க வெளிச்சமே இல்லீங்களே. எப்படி வரையறது?"

"லைட் போட்டுக்க."

அகல்யா மறுநாள் காலையில் தோசையோடு வந்தாள்.

"ஏங்க, பெருசே வாங்கிடலாங்க."

தனக்கோடி அவளை ஏற இறங்கப் பார்த்தார். பதினாலு வருஷத்தில் அவள் இப்படி ஒத்துக்கொண்டதே இல்லை.

"ஏன் திடீர்னு?"

"கோபிநாத் சார் நேத்து என்கிட்ட போன்ல பேசிகினு இருந்தாரு. பெருசுதான் நல்லதாம். ஜல்தியா எடுத்துக்க சொன்னாரு."

"இன்னாத்துக்கு ஜல்தி?"

"தெரியலீங்க. தினம் ஓட்டலன்னா மை வர்ற முனை அடைச்சுக்குமாம். சுத்தம் பண்றதுக்கே மைய குடம் குடமா குடிக்குமாம். அதெல்லாம் ஒரு பேஜாரே இல்லன்னாரு. தங்கமான மனுஷன்."

"தங்கமா? பெருச வித்தா அவனுக்கு எவ்ளோ கமிஷன் தெரியுமா?"

"சேச்சே. அவரு அப்படிப்பட்டவரு இல்லீங்க."

"அகல்யா! அவன் பன்னெண்டு மையும் உனக்கே வெச்சு மயக்கிட்டான்!"

பாதித் தோசையில் எழுந்து கை கழுவினார். வேலூர் பஸ்ஸில் வழி முழுக்க வசனம் ஒத்திகை பார்த்தார். கடைக்குள் நுழைந்ததும் மேசையை ஓங்கித் தட்டினார்.

"உன் வேலையெல்லாம் என்கிட்ட வேணாம்! எனக்குச் சின்னதுதான் வேணும்!"

கோபிநாத் கொஞ்சமும் பதறவில்லை. அதுவே தனக்கோடிக்கு என்னவோ போலிருந்தது.

"சின்னது அப்பவே ஆரணிக்குக் கெளம்பிடுச்சு சார். மேடம் நேத்தே புக் பண்ணிட்டாங்க. பதினோரு மணிக்கு நீங்க வந்து மேசையத் தட்டுவீங்க, ஒரு டீ குடுத்து அனுப்புங்கன்னு சொன்னாங்க. சக்கர கம்மியா."